பத்தாவது ஆள்

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம், இருபது நிமிடம். நாங்கள் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு சிறிய கட்டளை இருக்கிறது. அதைத் தட்டினால், ஒருவர் அதற்குள் இதுவரை எவ்வளவு நேரம் இருந்திருக்கிறார் என்று காட்டும். அய்யம்பெருமாளின் பெயருக்கு நேற்று மாலை அது காட்டிய நேரம் இது. எண்ணைச் சரியாக எழுதுவது என் பழக்கம். அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

ஐயா, போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தேன். ‘கவனக்குறைவால் ரத்த மாதிரிகள் இடம் மாறிவிட்டன’ என்று அதில் தட்டச்சு செய்திருக்கிறது. கீழே என் பெயர். “படிச்ச புள்ள, வயசு கெடக்கு. கையெழுத்தப் போட்டுட்டு வூட்டுக்குப் போம்மா” என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். ஆனால் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்குக் கீழே என்னால் கையெழுத்திட முடியவில்லை. இரண்டு வருடம் நான்கு மாதமாக வேலை செய்கிறேன். ஒரு குழாயைக்கூடத் தெரியாமல் மாற்றி வைத்ததில்லை. அதனால் நானே எழுதித் தருகிறேன். கொஞ்சம் நீளும்.

என் பெயர் தேவயானி. வயது இருபத்து நான்கு. அரியலூரில் வீடு. வேதியியல் பட்டம் பெற்றிருக்கிறேன். தினமும் காலை ஏழேகால் பஸ்ஸில் பெரம்பலூர் வருவேன். முன்னால் சிமெண்ட் லாரிகள் போனால் எட்டரை ஆகும், இல்லாவிட்டால் எட்டேகால். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்பவர் முதல் வாரம் தன் ரத்தத்தில்தான் பழக வேண்டும். பிறர் கையில் ஊசி குத்துவதற்கு முன் தன் கையில் குத்திப் பார்க்க வேண்டும், எல்லாப் பரிசோதனைகளையும் தனக்கே செய்து பார்க்க வேண்டும். நானும் செய்தேன். “முடிவெல்லாம் வந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார். “வந்துச்சு சார்” என்றேன். அதோடு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த வருடமும் அடுத்த வருடமும் எனக்கு வந்த மூன்று வரன்களை வேண்டாம் என்றேன். மேலே படிக்கப் போவதாகச் சொன்னேன். படிக்கவில்லை.

எங்கள் நிலையத்துக்கு மேல்மாடியில் செந்தில்குமாரின் பிரவுசிங் சென்டர். எட்டு கம்ப்யூட்டர். மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும், எட்டு மணி பஸ் வரைக்கும் அங்கே இருப்பேன். ஓரத்தில் திரை போட்ட இடம் என்னுடையது. ஹெட்போன் என்னுடையது, தண்ணீர் பாட்டிலும் என்னுடையது. யாருக்கும் கொடுக்க மாட்டேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். கூச்சமும்தான்.

விளையாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே நாட்டுக்குள் வாளும் கேடயமுமாக நடமாடுவார்கள். தனியாக ஒன்றும் செய்ய முடியாது. குழு வேண்டும். அதைக் கில்ட் என்பார்கள். எங்கள் கில்டின் பெயர் கரைவெட்டி. ஏரியின் பெயரை வைத்தது செந்தில்குமார். “பறவைங்க எங்கேர்ந்தெல்லாமோ வந்து எறங்குதுவல்ல, அதாங்க” என்றார். அவர்தான் தலைவர். நான் துணைத்தலைவர். எட்டுப் பேர் நம் பக்கத்து ஆட்கள், இரண்டு பேர் மலேசியாவில் ஈப்போ ஊர்த் தமிழர்கள். மொத்தம் பத்து. ஞாயிறுதோறும் மாலை ஐந்தரைக்குக் கோட்டைச் சண்டை. சர்வர் மலேசியாவில் இருக்கிறது, அங்கே அப்போது இரவு எட்டு. சண்டைக்குப் பெயர் கொடுக்கக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

அய்யம்பெருமாளுக்கு ஊர் பூலாம்பாடி. என்னைவிட ஒரு வயது மூத்தவர். எங்கள் குழுவில் அவர்தான் கேடயக்காரர். முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்க வேண்டும். நான் வைத்தியம் பார்ப்பவள். அவருக்குப் பின்னால் நின்று, குறையும் உயிரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அவர் தலைக்கு மேல் இருக்கும் பச்சைக் கோட்டை மட்டும் பார்த்தால் போதும். பத்து மாதம் பார்த்தேன். அது ஒருமுறைகூடத் தீர்ந்ததில்லை. அவர் என்னை ‘டாக்டரு’ என்பார். நேரில் பேசிய வார்த்தைகள் குறைவு.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரு நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். சக்கரம் வைத்தது. புதிது.

“என்னா பெருமாளு, பொட்டியும் கையுமா? கெளம்பிட்டியா?” என்றார் செந்தில்குமார்.

“இன்னும் இல்லடா. ஏஜெண்டு பேரு வந்துடுச்சுன்னாரு. வாங்குனத வூட்டுக்குக் கொண்டுபோனா அம்மா இன்னைக்கே அழ ஆரம்பிச்சிடும். இங்கயே கெடக்கட்டும்.”

“அப்ப மலேசியாவுக்குப் போயி எங்கள மறந்துடுவ.”

“சர்வரே அங்கதான்டா இருக்கு. நான் சர்வருக்குப் பக்கத்துல போறேன். நீங்கதான்டா தூரம்.” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் திரைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: “கவலப்படாதீங்க டாக்டரு. எங்க இருந்தாலும் ஞாயித்துக்கெழம அஞ்சரைக்கு வாசல்ல நிப்பேன்.”

அந்த வேலைக்காக அவர் இரண்டு வருடம் காத்திருந்தார். அது எனக்குத் தெரியும். எங்கள் கில்டில் முன்பு இருந்த செந்துறை அமாவாசை துபாய் போனபோது இதே வார்த்தையைத்தான் சொன்னார். கில்ட் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடைசியாக எப்போது வந்தார் என்று நாள் கணக்கு இருக்கும். அமாவாசை பெயருக்கு எதிரே முதலில் ஒன்பது, பிறகு முப்பத்தொன்று, பிறகு அறுபது. அறுபது நாள் வராதவர் பெயரை எடுத்துவிடுவது விதி. எடுக்கும் வேலை துணைத்தலைவருடையது. அவர் இடத்துக்கு ஒருவரைப் பழக்க ஐந்து மாதம் ஆனது. இன்னொரு முறை அதைச் செய்யும் தெம்பு எனக்கு இல்லை. அந்த நாட்களில் மிகவும் களைப்பாக இருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன்.

மலேசியாவுக்கு அனுப்புமுன் ஏஜெண்ட் உள்ளூரிலேயே ஒரு முன்பரிசோதனை கேட்பார். ஐந்து பரிசோதனைகள். அதில் தேறினால்தான் சென்னைக்கு அனுப்புவார். ஒருவர் தேறாவிட்டால் அடுத்த பெயர். அய்யம்பெருமாள் ஜூலை பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை காலை வந்தார். நான்தான் ரத்தம் எடுத்தேன். சிவப்பு மூடிக் குழாய், ஐந்து மில்லி.

“உயிரு கொறையுது டாக்டரு. கொஞ்சம் நெரப்புங்க” என்றார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த ஐந்தில் ஒன்று மஞ்சள் காமாலை பி கிருமிக்கானது. ஒரு சிறிய அட்டையில் சில சொட்டு விட்டால், கால்மணி நேரத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது. பதினொன்றேகாலுக்கு டாக்டரை அழைத்து அட்டையைக் காட்டினேன். இரண்டு கோடு. அவரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அவரே கையெழுத்திட்டார். அட்டையில் நான் எதையும் வரையவில்லை. அறிக்கையில் எதையும் திருத்தவில்லை. அந்த ரத்தத்துக்கு அந்த முடிவு சரி. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் நல்லவர். பயப்பட வேண்டாம், பலருக்கு இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார். பத்து நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்போம் என்றும் சொன்னார். இருபத்தொன்பதாம் தேதி மறுபடியும் நானே எடுத்தேன். மறுபடியும் இரண்டு கோடு. ஏஜெண்ட் அடுத்த பெயரை எடுத்துக்கொண்டார்.

அன்று அய்யம்பெருமாள் படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டார்.

“ஏங்க, திருச்சில போயி ஒரு தடவ பாத்துடலாங்களா?”

“பாக்கலாங்க” என்றேன். “பரிசோதன சரியா பண்ணுனா எங்க பாத்தாலும் ஒண்ணுதான் வரும்.”

இந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை.

“நீங்க பண்ணுனா சரியாத்தாங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அந்த ஐந்து பரிசோதனைகளிலேயே மிகச் சிறியது இது. ஊரே விலக்கி வைக்கும் நோய்க்கான பரிசோதனையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் கொடூரமானவள் இல்லை. வேறெதுவும் என் கைவசம் இல்லை என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை அய்யம்பெருமாள் வீட்டில் போய்ச் சொன்னார். அவர் அம்மாவின் காதில் விழுந்தது காமாலை என்ற ஒரு சொல்தான். நம் பக்கத்தில் காமாலைக்கு யாரும் ஆஸ்பத்திரி போவதில்லை. எங்கள் வீட்டிலும் போவதில்லை. செந்துறைப் பக்கம் ஒரு ஊரில் மருந்து கொடுப்பவர் இருந்தார். ஆட்டுப்பாலில் கலந்து குடிக்க ஒரு பொடி. நாற்பத்தெட்டு நாள் பத்தியம். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெயிலில் போகக் கூடாது, காட்டு வேலை கூடாது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி தொடங்கினார்.

வெயிலில் போகக் கூடாது என்றதால் வேறெங்கும் போக வழியில்லை. காலை பஸ்ஸில் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவார். மாலை வரை அங்கேயே இருப்பார். உப்பில்லாத சோற்றைத் தூக்கில் கொண்டுவருவார்.

“உப்பில்லாத சோத்தத் தின்னுட்டே இந்த அடி அடிக்கிறியே பெருமாளு, உப்பு போட்டா என்னாவும்?” என்பார் செந்தில்குமார்.

“உங்களுக்குத்தான் ஆவும். எனக்கு ரோசம் போயி ஒரு மாசமாவுது.”

அந்த ஆகஸ்ட்தான் கரைவெட்டியின் நல்ல காலம். மூன்றாம் ஞாயிறு கோட்டையைப் பிடித்தோம். நான்காம் ஞாயிறு காப்பாற்றினோம். சர்வர் முழுக்க எங்கள் பெயர் ஓடியது. ஈப்போக்காரர்கள், பூலாம்பாடி எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் எழுதினார்: ‘உங்களுக்குப் பக்கத்துலதான் வர இருந்துச்சு.’ நீலப் பெட்டி கவுண்டருக்குக் கீழே கிடந்தது. செந்தில்குமார் அதில் பழைய கீபோர்டுகளைப் போட்டு வைத்திருந்தார்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. பத்தியத்தின் முப்பத்தோராவது நாள். ட்யூப்லைட்டின் கீழே அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. நகமும் மஞ்சள்.

“கண்ணு மஞ்சளா இருக்குங்க” என்றேன்.

“ஆமாங்க. மருந்து குடுக்குறவரு பாத்துட்டு சந்தோசப்பட்டாரு. உள்ள இருந்தது வெளிய வருதாம். அளவக் கூட்டிக் குடுத்திருக்காரு. இன்னும் பதினேழு நாளுதாங்க.”

நான் அறிவியல் படித்தவள். மஞ்சள் என்றால் ஈரல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். நல்ல ஈரல், ஒரு மாதப் பொடியில் கெட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு வாக்கியம் போதும். உங்களுக்கு நோயே இல்லை. நான்கு சொற்கள்கூட இல்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு வரும்.

“டாக்டர்ட்ட ஒருதடவ காட்டுங்க” என்றேன். “திங்கக்கெழம.”

“ஏன், நாளைக்கே காட்டுனா என்னவாம்?”

“ஞாயித்துக்கெழம கோட்டை இருக்குங்க.”

அவர் சிரித்தார். “அதானே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் வாசலில் நின்றார். எதிர்த்து வந்தவர்கள் இருபத்தாறு பேர். அவர் தலைக்கு மேல் பச்சைக் கோடு கீழே இறங்கும்போதெல்லாம் நிரப்பினேன். கையே மரத்துவிட்டது. ஏழரைக்குச் சண்டை முடிந்து, கோட்டை எங்களுக்கே என்று வந்தபோது எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அவர் எழவில்லை. மெதுவாகப் படிக்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தார். செந்தில்குமார் ஓடிப்போய் ஒரு சோடா வாங்கி வந்தார்.

“உப்பு போட்டிருக்கா?” என்று கேட்டார் அய்யம்பெருமாள்.

“ஆமாடா, குடி.”

“வேணாம்டா. பத்தியம்.”

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவருடைய அக்கா மலர்கொடி அவரைத் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். துணிமணி வைக்கப் பை இல்லை என்று யாரோ வந்து நீலப் பெட்டியை வாங்கிப் போனார்கள். கீபோர்டுகளை நான்தான் வெளியே எடுத்து வைத்தேன். பதினான்காம் தேதி, வியாழக்கிழமை விடியலில் அவர் இறந்தார். முதல் ரத்தம் எடுத்ததிலிருந்து ஐம்பத்தேழாவது நாள்.

ஒரு விஷயத்தை இங்கே சேர்க்க வேண்டும். எங்கள் கில்டில், வெளியூர் போகும்போது பாஸ்வேர்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அவருடையது என்னிடம் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த ஞாயிறும் அதற்குப் பிறகு வந்த எல்லா ஞாயிறும், பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவர் பெயரில் நுழைந்து அவரை வாசலில் நிறுத்தினேன். பெயர்கள் பத்து ஆயின. முதலில் சொன்ன நேரத்தில் கடைசி இருபத்தாறு மணி நேரம் என்னுடையது. செந்தில்குமார் ஒருமுறை என் திரையை விலக்கிப் பார்த்தார். அழுதுகொண்டே போய்விட்டார். பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இப்போதும் ‘நேற்று’ என்றுதான் இருக்கும்.

மலர்கொடி அக்டோபரில் எங்கள் நிலையத்துக்கு வந்தார். கையில் இரண்டு தாள். இரண்டையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார்.

“ஏங்க, இந்தத் தாள்ல இருக்குன்னு போட்டிருக்கு. திருச்சித் தாள்ல இல்லவே இல்லன்னு போட்டிருக்கு. மருந்துதான் ஈரலத் தின்னுடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அப்ப எந் தம்பி இல்லாத நோவுக்கா மருந்து குடிச்சான்?”

மலர்கொடி என்னைப் பார்த்தார்.

“நீயாச்சும் சொல்லும்மா. உன்னப் பத்தி அவன் சொல்லிருக்கான். நீ பண்ணுனா சரியா இருக்கும்னான்.”

அதற்குப் பிறகுதான் விஷயம் உங்களிடம் வந்தது. ஜூலை பத்தொன்பதாம் தேதி எங்களிடம் ரத்தம் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். அய்யம்பெருமாள் போக மற்ற பதின்மூன்று பேரையும் அழைத்து, அரியலூரில் பரிசோதனை செய்ய வைத்தீர்கள். பாவம், பயந்துபோனார்கள். ஒருவருக்கும் அந்தக் கிருமி இல்லை. அப்படியானால் அட்டையில் இரண்டு கோடு போட்டது யாருடைய ரத்தம் என்று டாக்டரைக் கேட்டீர்கள். ஏதாவது பழைய குழாய் கலந்திருக்கும் என்றார். நீங்களும் அதையே தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டீர்கள். குழாய் ஒருமுறை தவறி மாறலாம், ஐயா. பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாறாது. அதை நீங்கள் கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது போலிருக்கிறது.

மாற்றியது நான்தான். தெரிந்தே மாற்றினேன், இரண்டு முறையும். அவருடைய ரத்தத்தையும் வீணாக்கவில்லை. தனியாக இன்னொரு அட்டையில் பார்த்தேன். ஒரு கோடு. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பிறகு கழுவி ஊற்றினேன்.

கில்டுக்காகச் செய்தேன். ஒன்பது பேரின் பத்து மாத உழைப்பு அது. அவருக்குத் தீங்கு வர வேண்டும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. அந்தக் கிருமியோடு வாழலாம். வருடக் கணக்காக வாழலாம். வேலைக்குப் போகலாம், பஸ்ஸில் தூங்கலாம், மாலையில் விளையாடலாம். தண்ணீர் பாட்டிலைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். கல்யாணம் என்று வரும்போது ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அப்படி அவரும் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். இருவரும் மாடியில் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான்.

நீங்கள் தேடிய பதினைந்தாவது குழாய் பழையது இல்லை. அன்று காலை எட்டரை மணிக்கு, யாரும் வருமுன், இடது கையிலிருந்து எடுத்தது. முதல் வாரம் பழகிய அதே கை. பெயர் எழுதும் தாளில் அவர் பெயரை எழுதி ஒட்டினேன். அந்த ரத்தத்துக்கு எத்தனை கோடு விழும் என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

அது என் ரத்தம்.